ஈயம் சேராத குழாய்

மீளக் குடியமர்ந்த புதிதில் உயிலங்குளத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிக் கிடந்தது. நல்ல தண்ணீருக்குப் பக்கத்துக் காணிக் கிணறுதான். அங்கிருந்து குழாய் இழுக்கக் காணிக்காரர் மனதாரச் சம்மதித்தார்கள். கண்ணிவெடி அகற்றி முடியும்வரை மண்ணைத் தோண்டக் கூடாது என்பதால் ஊரில் எல்லாருமே குழாயை நிலத்தின் மேல்தான் போட்டிருந்தார்கள். மத்தியானத்தில் அதிலிருந்து சுடுதண்ணீர் வரும். விறகு மிச்சம் என்று தாய்மார் அதிலேயே பால்மா கரைப்பார்கள். என்னிடமும் ஒரு கைக்குழந்தை இருந்தாள். எனக்கும் அந்த ஆசைதான்.

மன்னாரில் கட்டடச் சாமான் கடை வைத்திருந்தவர் அங்கேயே தாராபுரத்து முஸ்லிம் அண்ணன் ஒருவர். நானா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு எங்களைப் போலவே திரும்பி வந்தவர். குடும்பத்தை இன்னும் கூட்டி வரவில்லை. குழாய் எங்கே போடப் போகிறது என்று கேட்டார். பால்மாக் கதையையும் சேர்த்துப் பெருமையாகச் சொன்னேன். எடுத்த குழாயைத் திரும்ப வைத்துவிட்டார்.

"இது தரமாட்டன் தங்கச்சி. குழாய் செய்யேக்கை சூட்டிலை கருகாமல் இருக்க ஒரு மருந்து சேர்க்கிறவை. இதிலை சேர்த்தது ஈயம். வெயிலிலை கிடந்து தண்ணிக்குள்ள இறங்கினால் பிள்ளையின்ர மூளைக்குக் கூடாது. ஈயத்துக்குப் பதிலா கல்சியமும் துத்தநாகமும் போட்டது இருக்கு. கடையிலை முடிஞ்சுது."

எனக்கு எப்போதும் மூக்கின் மேல் கோபம். "ஊரெல்லாம் அதைத்தானே குடிக்குது நானா" என்று வெடித்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன். வழி முழுக்க அவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

அந்தக் கிழமையே அவருடைய சின்ன லொறி வழி விசாரித்துக்கொண்டு எங்கள் வேலிப் படலையில் வந்து நின்றது.

"ஈயம் இல்லாதது. என்ர வீட்டுக்கெண்டு எடுத்து வைச்சனான்."

"அப்ப உங்கட வீட்டுக்கு?"

"அடுத்த லோட் வரட்டும்."

வெயில் படாமல் குழாயைத் தென்னங்கிடுகால் மூடச் சொன்னார். பால்மாவுக்கு அடுப்பில் காய்ச்சிய தண்ணீரைத்தான் எடுக்க வேண்டும் என்றார். அயலிலிருந்த தாய்மாரிடம் குழாய்த் தண்ணீர் வேண்டாம், கிணற்றில் அள்ளிக் காய்ச்சுங்கள் என்று சொல்லிவிட்டே போனார். திட்டிய வாயால் நன்றி சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

பல மாதம் கழித்து அவர் தன் மனைவியை அழைத்து வந்தார். அந்த அக்கா என் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"வீட்டுக்குத் தண்ணி வரல்ல, வராதீங்க எண்டு எங்களைப் புத்தளத்திலேயே நிப்பாட்டிட்டார். சொந்த மண்ணிலை பெருநாள் எண்டு பிள்ளைகள் உடுப்பெல்லாம் கட்டி வைச்சிருந்ததுகள். குழாயைக் குடுத்தது இவவுக்காகத்தானா?"

 ஓமென்று தலையாட்டினேன். அக்கா குழந்தையின் நெற்றியில் முத்தமிட்டார்.

"அப்ப சரி. அடுத்த பெருநாளுக்கு இவவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."