போட் கேன்சல் ஆனால் டேபிள் கிடைக்கும்

கடைசி நேரத்தில் டேபிள் பிடித்துக் கொடுப்பது என்பது, யாரோ ஒருவர் வராமல் போகட்டும் என்று காத்திருக்கிற தொழில். சீசனில் போர்ட் பிளேரின் நல்ல கடலோர ரெஸ்டாரண்டுகளில் உட்கார இடம் இருக்காது. அதில் ஒன்றின் முதலாளி என்னோடு கான்வென்டில் படித்தவள் என்பது எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு அடுப்பில் குழம்பு, காதில் போன். 'தெரிந்த ஆள்' என்று பெயர் வாங்கியவர்களுக்கு என் எரிச்சல் புரியும்.

சூரியன் காத்திருக்கவில்லை

என் கணவரின் ஆபீஸ் நண்பருக்குத் தெரிந்தவர், கோயம்புத்தூர்க்காரர். சூரியன் மறைவதைப் பார்த்தபடி சாப்பிட வேண்டுமாம். நான்கு பேரிடம் கெஞ்சி டேபிள் வாங்கினேன். மனிதர் குடும்பத்தோடு ஆறரைக்குப் போய் நின்றார். டிசம்பரில் இங்கே ஐந்தரைக்கே கும்மிருட்டு. உடனே எனக்கு போன்:

"இதையெல்லாம் நீங்க முன்னாடியே வாட்ஸப்ல போட்டிருக்கணும் மேடம்."

காற்று அடித்தால்

என் வித்தையைச் சொல்லிவிடுகிறேன். கடல் கொந்தளித்தால் போட் ஓடாது. ஹாவ்லாக் தீவிலிருந்து வர வேண்டியவர்கள் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள், இங்கே அவர்கள் புக் செய்த டேபிள்கள் காலி. அறிவிப்பு வந்த ஐந்தாவது நிமிடம் ரெஸ்டாரண்ட் மேனேஜர் தபனைக் கூப்பிடுவேன். அவன் பெங்காலி, தமிழ் எங்களிடம் கற்றது. அக்காவுக்கு மட்டும் 'தீதி'தான். ஒருநாள் சொன்னான்:

"வெதர் கராப் ஆனா உங்களுக்குத்தான் குஷி, தீதி."

ஐந்து பேர்

மரைன் ஹில்லில் எங்கள் பக்கத்து வீடு சிக்கந்தர் பாய், ஜவுளிக்கடைக்காரர். நாக்கில் புற்று. மறுநாள் காலை பிளைட்டில் சென்னைக்குப் போகிறார், பாதி நாக்கை எடுக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு வேளை மீன் சாப்பிட ஆசை. மனைவியும் மகனும் மருமகளும் வீட்டில்தான். மகள் ஃபரீதா லாங் ஐலண்டில் டீச்சர், அன்று மதிய போட்டில் வருகிறாள். தபனிடம் கேட்டேன். பெரிய டேபிள் எல்லாம் ஃபுல், இரண்டும் மூன்றுமாகத் தனித்தனி டேபிள் தருகிறேன் என்றான். பாயிடம் போய்ச் சொன்னேன். வாயைப் பாதி திறந்தபடி சொன்னார்:

"அஞ்சு பேரும் ஒரே டேபிள்ல இருக்கணும்மா. பிரிச்சுப் போட்டுறாதீங்க."

கேன்சல்

பதினோரு மணிக்குக் காற்று ஏறியது. போட்டெல்லாம் கேன்சல் என்று செய்தி. வேறு யாரும் முந்துவதற்குள் தபனைப் பிடித்தேன். ஐந்து பேருக்கு, கடலை ஒட்டி, ஏழு மணிக்கு. சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே கத்தினேன்: "மும்தாஜ் அக்கா, போட் கேன்சல், டேபிள் கிடைச்சாச்சு."

பாயின் மனைவி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். கிளிப் கையிலேயே நின்றது. லாங் ஐலண்ட் போட்டும் அதே கடலில்தான் வர வேண்டும் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

"அப்ப ஃபரீதா?"

ஐந்தாவது நாற்காலி

பிளைட் டிக்கெட்டையும் மாற்ற முடியாது, ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதியையும் மாற்ற முடியாது. ஐந்து என்று சொல்லியாயிற்று, நீங்களே வாருங்கள் என்றார் பாய். போனேன். மீனை மிளகாய் இல்லாமல் சுடச் சொல்லியிருந்தேன். அவர் நகத்தளவு பிய்த்து, ஒரு பக்கமாக ஒதுக்கி மென்றார். விழுங்கும்போதெல்லாம் கண்ணில் தண்ணீர் நின்றது. அக்கா தட்டைத் தொடவேயில்லை.

நடுவில் ஃபரீதா கூப்பிட்டாள். மகன் போனை ஸ்பீக்கரில் போட்டான். மீன் எப்படி இருக்கிறது என்று கேட்டாள், நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, "என் சேர்ல யாரு அத்தா உக்காந்திருக்கா?" என்றாள். பாய் என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை.

"டேபிள் வாங்கிக் குடுத்தவங்கம்மா."

இப்போதெல்லாம் டேபிள் கேட்பவர்களிடம், எத்தனை பேர் என்பதற்கு முன்னால், அதில் யாராவது போட்டில் வருகிறார்களா என்றுதான் கேட்கிறேன். டேபிளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று என் மேல் எரிந்து விழுகிறார்கள்.