மாமா கேட்ட களிமண்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரை மாமா பிரித்துப் போட்டது, வருடக் கடைசிப் பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை காலையில். நான் குளித்து, தலை வாரி, பயணப் பையைக் கதவுக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கார் நிறுத்தும் போர்ச்சுக்குப் போனேன். காரின் முன்மூடி திறந்திருந்தது. மாமா அதற்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டு நின்றார். சிங்கப்பூர் வரை போகிற காருக்கு எண்ணெய், தண்ணீர் பார்க்கிறார் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் இஞ்சினின் மேல்மூடி கழன்று, தரையில் விரித்திருந்த பழைய செய்தித்தாளின் மேல் வந்து உட்கார்ந்தது. அதன் பின்னால் போல்ட்டுகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன.

நான் அப்போது நான்காம் வகுப்பு முடித்திருந்தேன். மலேசியாவில், கிள்ளானில் மாமா வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தேன். அப்பா எனக்கு நினைவு தெரியும் முன்பே இறந்துவிட்டார். அம்மாவுக்குச் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தபோது, கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி என்னைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டுப் போனார். மாமாவுக்கும் அத்தைக்கும் குழந்தை இல்லை. சோற்றுக்கோ துணிக்கோ குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும், அப்படிப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அம்மா முதலில் மாதாமாதம் வந்தார், பிறகு தீபாவளிக்கு மட்டும் வந்தார், பிறகு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் மட்டும் வந்தார். அந்த விடுமுறைக்கு நான் அவரிடம் போவதாகப் பேச்சு. மாமாவே என்னை அழைத்துப்போய்ப் பாஸ்போர்ட் எடுத்துக்கொடுத்தார். அதன் படத்தில் நான் எதையோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள்போல விழித்துக்கொண்டிருப்பேன். அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு அம்மா மாமாவைக் கூப்பிட்டார். என்னிடம் கொடுக்கச் சொல்லவில்லை. மாமா கைப்பேசியோடு கேட்டுக்கு வெளியே போய், எதிர்வீட்டு ரம்புத்தான் மரத்தடியில் வெகுநேரம் நின்றார். பேசியதைவிடக் கேட்டதுதான் அதிகம். திரும்பி வந்தவர் அத்தையை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் குழாயைத் திறந்துவிட்டு ஏதோ சொன்னார். பெரியவர்கள் இப்படிக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினால் அது காசு விஷயம் என்பது அந்த வயதில் என் முடிவு.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜப்பான்காரன் செய்த நான்கு கதவு வண்டி. பார்க்கக் கோயிலுக்குக் குடும்பத்தோடு போகிற கார்போல அடக்க ஒடுக்கமாக இருக்கும். மாமா மிதித்தால்தான் அதன் சுயரூபம் தெரியும். பந்தயத்துக்குப் போடுகிற பெரிய கேம்ஷாஃப்ட் இரண்டும், அதற்கேற்ற விறைப்பான வால்வு ஸ்பிரிங்குகளும் வாங்கி, மாட்ட அனுமதி கிடைக்காமல் வெகுநாளாக அலமாரி உச்சியில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்திருந்தார். அனுமதி தராதது அத்தை. புது ஸ்பார்க் பிளக் வாங்கினாலே ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர் அவர். அன்றைக்கு அந்தப் பெட்டியை நாற்காலி போட்டு ஏறி இறக்கிக் கொண்டுவந்து மாமாவின் காலடியில் வைத்தது அதே அத்தைதான். எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது.

"இப்ப எதுக்கு மாமா இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"நாலஞ்சு நாள்தான் பாப்பா. மாட்டிட்டோம்னா பறந்து போலாம் லா."

ஒரு கேம்ஷாஃப்டை என் கையில் கொடுத்தார். கம்பியில் முட்டைகளைக் கோத்த மாதிரி அதில் வரிசையாக மேடுகள். மேடு சுற்றி வரும்போது வால்வை அமுக்கித் திறக்கும். மேடு உயரமாக இருந்தால் வால்வு நன்றாகத் திறக்கும், இஞ்சின் நிறையக் காற்றை இழுக்கும் என்று விளக்கினார். எனக்கு அதில் ஒன்றுதான் வேண்டியிருந்தது.

"பஸ்ல போலாமே மாமா?"

"இங்க இருக்கிற பந்திங் போற பஸ்லயே வாந்தி எடுத்த ஆளு நீ. சிங்கப்பூர் எங்க இருக்கு?"

அது உண்மைதான்.

நாலைந்து நாள் போனது. இஞ்சினின் தலைப்பகுதி கழன்று போர்ச்சில் ஒரு ஸ்டூல்மேல் உட்கார்ந்திருந்தது. மாமா அத்தையின் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளில் துறைமுகத்துக் கிடங்குக்கு வேலைக்குப் போனார். மழைக்காலம். சாயங்காலம் தொப்பலாக நனைந்து வருவார். கார்ப் பைத்தியத்துக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்தபடி துண்டை நீட்டுவேன். அத்தை பேரங்காடி வேலைக்குப் போய்விடுவார். எங்கள் தாமான் குடியிருப்பில் என் வயதுப் பிள்ளைகள் எல்லாம் எங்கெங்கோ ஊருக்குப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டு ஆன்டி மட்டும் அவ்வப்போது வேலிக்கு மேலே எட்டி, "சாப்பிட்டியா மா?" என்பார். பகல் முழுக்க வேறு குரல் கிடையாது. நான் என் பையைத் தூக்கிக்கொண்டு போய்க் காரின் முன் சீட்டில் உட்கார்ந்து, பெல்ட் போட்டுக்கொள்வேன். எதிரே திறந்து நிற்கும் முன்மூடி கண்ணாடியை முழுக்க மறைத்திருக்கும். அப்படியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்கி வருவேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மாமா என்னிடம் களிமண் கேட்டார். அம்மா கடைசியாக வந்தபோது கொண்டுவந்த வண்ணக் களிமண் பெட்டி அது. இங்கே கடைகளில் கிடைக்காத நிறமெல்லாம் அதில் இருந்தது. நான் அதில் அம்மாவின் சிங்கப்பூர் வீட்டைச் செய்து மேசைமேல் வைத்திருந்தேன். கட்டில், சோபா, சன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் கழி, மஞ்சள் சேலையில் அம்மா, பக்கத்தில் சிவப்பு கவுனில் நான். நான் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. அதனால் எல்லாவற்றையும் தாராளமாகவே செய்திருந்தேன்.

"என்னத்துக்கு மாமா களிமண்ணு?"

மாமா காட்டினார். பெரிய கேம் போட்டால் வால்வு முன்பைவிடக் கீழே இறங்கும். மேலே ஏறி வரும் பிஸ்டனில் போய் முட்டினால் இஞ்சின் நாசமாகிவிடும். அதனால் பிஸ்டன் தலையில் களிமண்ணை அப்பி, எண்ணெய் தடவி, எல்லாவற்றையும் மாட்டிக் கையாலேயே சுற்றிப் பார்க்க வேண்டும். பிறகு கழற்றினால், வால்வு எவ்வளவு தூரம் வந்து அமுக்கியது என்று களிமண் சொல்லிவிடும். மிஞ்சியிருக்கும் களிமண்ணின் கனம்தான் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி.

எனக்கு அவ்வளவாகப் பிடிக்காத பச்சையைக் கொடுத்தேன். சோபா போனது. கழற்றியபோது பச்சை வில்லையில் பிறை நிலாபோல இரண்டு தடம் அழகாக விழுந்திருந்தது. மாமா அதைப் பிளேடால் குறுக்கே வெட்டி அளவு பார்த்தார். உதவிக்கு வந்திருந்த ஒர்க்‌ஷாப் அங்கிள், இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருந்த சீனர், எட்டிப் பார்த்துவிட்டு, "சுடா ஓகே லா, பசாங் சாஜா" என்றார். சரியாக இருக்கிறது, மாட்டிவிட வேண்டியதுதானே என்று பொருள். மாமா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"பத்தாது பாப்பா. இடைவெளி கூடணும்னா தலைக்கு அடியில வைக்கத் தடிமனான கேஸ்கெட் வேணும். காப்பார் ரோட்டுல பழைய சாமான் விக்கிற ஆஃப்-கட் கடைங்கள்ல தேடிப் பாக்கணும்."

அங்கிள் ஏதோ சொல்ல வாயெடுத்து, மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டார். வெட்டிப் போட்ட பச்சைத் துண்டை நான் எடுத்து பிஸ்கட் டின்னில் வைத்துக்கொண்டேன். எண்ணெய் பட்டாலும் அம்மா கொடுத்ததல்லவா!

அன்று அம்மா பேசியபோது, கார் இன்னும் ஆகவில்லை என்றேன். "பரவால்ல மா, மாமா நிதானமா செய்யட்டும்" என்றார். அவருக்குப் பின்னால் ஓர் ஆண்குரல், யாரு என்று கேட்டது. "தம்பி வீட்டுலேருந்து" என்றார் அம்மா. நான் தம்பி வீட்டில்தானே இருந்தேன், அதனால் அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு மாமா நீலத்தைக் கேட்டார், கட்டில் போனது. மறுபடியும் பத்தவில்லை. வெள்ளையைக் கேட்டார், சுவரும் சன்னலும் போயின. கொடுக்கக் கொடுக்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. களிமண் குறையக் குறைய அம்மா பக்கத்தில் வருகிறார் என்று ஒரு கணக்கு. கடைசியில் மேசைமேல் நாங்கள் இரண்டு பேர் மட்டும் வீடில்லாமல் நின்றோம். பள்ளி திறக்கச் சில நாட்களே இருந்தன. அன்று மாமா கேட்கும் முன்பே நான் மஞ்சள் அம்மாவைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"இந்தாங்க மாமா. அம்மாதான் பெருசு, நெறைய களிமண்ணு இருக்கு. எடுத்துக்கங்க."

"வச்சுக்க பாப்பா..."

"பரவால்ல மாமா. அதான் நேர்ல பாக்கப் போறேன்ல?"

மாமா கையை நீட்டவில்லை. கிரீஸ் கையைத் துணியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "இனிமே களிமண்ணு வேணாம் மா. போதும்" என்றார். அன்று மாலைக்குள் இஞ்சினை மூடிவிட்டார். தடிமனான கேஸ்கெட் வந்ததாகவே எனக்கு நினைவில்லை.

மறுநாள் காலை கார் கிளம்பியது. அது பழைய சத்தமே இல்லை. குளிரில் பல் அடித்துக்கொள்கிற மாதிரி விட்டுவிட்டு உறுமியது. நான் ஓடிப்போய்ப் பையை எடுத்துவந்து பின் சீட்டில் வைத்தேன். அத்தை தடுக்கவில்லை, உள்ளே போய்விட்டார். ஃபெடரல் ஹைவேயில் மாமா இடது ஓரமாக லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போனார். சிக்னலில் நின்றபோதெல்லாம் கார் நடுங்கியது. "பெரிய கேம்னா அப்படித்தான். ஓட ஆரம்பிச்சா சரியாயிடும்" என்றார். சிரம்பான், ஜொகூர் பாரு என்று எழுதிய பச்சைப் பலகை வந்தது. சிங்கப்பூருக்கு அந்த வழிதான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கார் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் நிறுத்தினார். தோசை வாங்கிக்கொடுத்தார். ஒரு கடைக்குக் கூட்டிப்போய்ப் புதுக் களிமண் பெட்டி வாங்கிக்கொடுத்தார். எப்போது சிங்கப்பூர் என்று கேட்டேன்.

"புது கேம், புது ஸ்பிரிங். கொஞ்ச நாள் பக்கத்துலயே ஓட்டிப் பழக்கணும் மா. இப்ப தூரம் போகக் கூடாது."

"உங்களுக்குக் காருதான் பெருசு" என்று அழுதேன். அவர் மறுத்துப் பேசவில்லை. பையோடு திரும்பி வந்தோம். பள்ளி திறந்தது. புதுப் பெட்டியை நான் பிரிக்கவே இல்லை.

அம்மா அங்கே மறுமணம் செய்துகொண்டதையும், அந்த வீட்டில் என்னைப் பற்றிச் சொல்லாமலே இருந்ததையும் நான் இடைநிலைப்பள்ளியில் படிக்கும்போது அத்தை சொன்னார். அதற்கு அழ வேண்டியதை அப்போதே அழுது முடித்தேன். ஆனால் அதையும் காரையும் நான் ஒருபோதும் சேர்த்துப் பார்த்ததில்லை.

சமீபத்தில், அம்பாங்கில் என் அலுவலகத்துக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் காரைச் சர்வீஸுக்கு விட்டுவிட்டுக் காத்திருந்தேன். உள்ளே ஒரு பையன் பிஸ்டன் தலையில் களிமண் அப்பிக்கொண்டிருந்தான். அருகில் போய், எவ்வளவு கனம் மிஞ்சினால் சரி என்று கேட்டேன். "அம்பது சென் காசு கனம் இருந்தாலே போதும் கா" என்றான்.

வீட்டுக்கு வந்து பிஸ்கட் டின்னைத் தேடி எடுத்தேன். பச்சைத் துண்டு சற்று இறுகியிருந்தது, பிறைகள் கலையவில்லை. வெட்டிய பக்கத்தில் காசை வைத்துப் பார்த்தேன். மிக மெலிந்த இடத்தில்கூட இரண்டு காசுக்குமேல் இருந்தது. முதல் தடவையே போதுமான இடைவெளி இருந்திருக்கிறது! கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அத்தனை நாள் மழையில் அவர் எனக்காக நனைந்திருக்கிறார். தெரிந்திருந்தால் நான் துண்டையாவது கொஞ்சம் அன்பாக நீட்டியிருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். போர்ச்சில் இப்போது ஒரு சின்ன ஆட்டோமேட்டிக் கார்தான் நிற்கிறது. மாமா அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பச்சைத் துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டை விரல் தானாகவே மெலிந்த இடத்தைத் தேடிப் போனது.

"அட, வால்வு தடம்! நல்லா தாராளமா இருக்கே. யாரு வண்டி மா இது?"

தேநீர்த் தட்டோடு வந்த அத்தை அப்படியே நின்றுவிட்டார். அந்தப் பச்சையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆபீஸ்ல ஒரு பிரண்டோட வண்டி, மாமா" என்றேன்.

"அப்புறம் என்னத்துக்கு யோசிச்சுக்கிட்டு? மாட்டச் சொல்லு லா" என்றார் மாமா. "ஜொகூர் வரைக்கும் தாராளமா போலாம்."