அடக்கத்துக்கு முன்னால் ஒரு ‘வெரி’

மலையிலிருந்து இறங்கும் பேருந்தில் இருந்தபோதுதான் தகவல் வந்தது. நம் பழைய பள்ளியின் எழுத்தர் போனில் அழுதார். “வசந்தா டீச்சர் தவறிட்டாங்க. காலையில நெஞ்சு வலின்னாங்களாம், அவ்ளோதான்.” கள்ளக்குறிச்சியில் இறங்கிய பிறகும் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்தச் சிவப்புப் பேனா நினைவிருக்கும். யார் ஓய்வு பெற்றாலும் ஆங்கிலத்தில் பாராட்டு மடல் எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பது நம் வழக்கம். எல்லா மடலிலும் ஓய்வு பெறுகிறவர் ‘வெரி வெரி ஹம்பிள்’, இல்லாவிட்டால் ‘எக்ஸ்ட்ரீம்லி மாடஸ்ட்’. ஆங்கில ஆசிரியையான வசந்தா டீச்சர் முதலில் அந்த வெரிகளைத்தான் அடிப்பார். “அடக்கமானவர்னு சொல்லிட்டு அதுக்கு மைக் செட் கட்டறீங்களே!” என்பார். தலைமையாசிரியர் எழுதிய மடலிலும் அடித்தார். மனிதர் முகம் சில நாள் சரியில்லை.

நம் பள்ளியை மூடப்போவது தெரிந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். கல்வராயன் மலையில் ஒரு விடுதிப் பள்ளிக்குத் தமிழாசிரியை தேவைப்பட்டது. நிர்வாகம் வெளியூரில், விண்ணப்பம் ஆங்கிலத்தில் போக வேண்டும். அனுபவம் மிக மிகக் குறைவு, நான் வெகு சாதாரணமானவள் என்று எழுதி வைத்தேன். யார் கேட்டாலும் ‘ஏதோ கொஞ்சம் தெரியும்’ என்று சொல்லித்தானே வளர்ந்தோம்?

“இன்னா டீச்சர், வேலை கேக்கறீங்களா, வேணாங்கறீங்களா?” என்றார் அதைப் படித்த வசந்தா டீச்சர். “ஏதோ கொஞ்சம்னா நம்ம ஊர்ல நெறையன்னு புரிஞ்சிக்குவாங்க. அவங்க கம்மின்னே நம்பிடுவாங்க.”

சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறக்காமலே என்னோடு உட்கார்ந்து மாற்றி எழுதினார். என்னை எங்கும் ஊதிப் பெருக்கவில்லை. நடத்திய பாடங்கள், போட்ட நாடகங்கள், தேறிய பிள்ளைகள், அவ்வளவுதான். வேலை கிடைத்தது. என் பிள்ளைகள் அந்தச் சம்பளத்தில்தான் கல்லூரிக்குப் போனார்கள்.

இனிப்போடு போய், அவரால்தான் கிடைத்தது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். கூச்சத்தில் நெளிந்தார். “நான் இன்னா செஞ்சேன்? ஏதோ கொஞ்சம் திருத்திக் குடுத்தேன்.”

“கம்மின்னே நம்பிடட்டுங்களா டீச்சர்?” என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

அவர் படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதித் தரும்படி அவர் மகள் கேட்டார். ‘மாடஸ்ட்’ என்று எழுதினேன். முன்னால் ஒரு வெரி போடக் கை போயிற்று; நிறுத்திக்கொண்டேன். அந்த நிதானம் அவர் கொடுத்தது, என்னோடு இருக்கும்.

தமிழில் மட்டும் நம் வழக்கப்படியே சொல்லிவிடுகிறேன். வசந்தா டீச்சர் எனக்கு ஏதோ கொஞ்சம் செய்தார். நீங்கள் நம் ஊர்க்காரர்கள், புரிந்துகொள்வீர்கள்.