ஆடாத எண்

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் கருவி செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் இருந்தேன். படிப்பு ஐடிஐ. மற்றதைப் பழைய புத்தகங்களும் பழுதான கருவிகளும் சொல்லிக்கொடுத்தன.

விரலில் கிளிப் மாட்டினால் சிவப்பு வெளிச்சமும், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வெளிச்சமும் மாறி மாறி உள்ளே போகும். இரண்டிலும் நாடியோடு சேர்ந்து ஏறி இறங்குகிற பங்கைப் பிரித்தெடுத்து ஒப்பிட்டால் கணக்கு வந்துவிடும். விரல் அசைந்தால்தான் பேஜாரு. எண் தாறுமாறாகக் குதிக்கும்.

"ஆடுற நம்பரை எந்த டாக்டர்ப்பா நம்புவாரு?" என்றார் முதலாளி. நிறையத் துடிப்புகளைச் சேர்த்துச் சராசரி காட்டும்படி மாற்றினேன். எண் கல்லாக நின்றது.

சாப்பாட்டு வேளையில் சோதனை நடக்கும். ஒருவர் கிளிப்பை மாட்டிக்கொண்டு மூச்சை அடக்குவார். "வுட்றாத மாமா, டப்பால மீன் கொழம்பு கீது, மோந்து பாத்துடாத!" என்று மற்றவர்கள் கிண்டலடிப்பார்கள். அவர் மூச்சை விட்டு, சிரித்து, தண்ணீரும் குடித்த பிறகுதான் எண் இறங்கும். ரத்தம் விரலுக்கு வந்து சேர நேரமாகும் என்று சொல்லிக்கொண்டோம். அது பாதி உண்மை. அதனாலேயே மீதிப் பாதியை யாரும் தேடவில்லை.

பொன்னேரியில் ஒரு நர்சிங் ஹோமுக்குக் கருவியைக் காட்டக் கொண்டுபோனேன். பழவேற்காட்டிலிருந்து மூச்சிரைப்போடு வந்திருந்த ஒரு அம்மாவின் விரலில் மாட்டினோம். நான் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நன்றாகவே இருந்தது. நர்ஸம்மா உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி உன் மிஷினு? ஒதடு நீலம் பூத்துக்கினு வருது, இது நல்லாகீதுன்னுது!" என்றபடியே ஆக்ஸிஜன் மாஸ்க்கை வைத்துவிட்டார்.

உதட்டில் நிறம் திரும்பத் தொடங்கிய பிறகு எண் மளமளவென இறங்கியது. "கை கழுவினப்புறம் எலை போட வந்துகீது பாரு" என்றார் நர்ஸம்மா. நல்ல பேச்சு காதில் விழுந்தால் குறித்துக்கொள்கிற ஆள் நான். அன்றைக்குக் குறிக்காமல், கிளிப்பைக் கழற்றிக்கொண்டு கிளம்பினேன்.

பழைய துடிப்புகளையும் சேர்த்துச் சராசரி போட்டதால்தான் எண் பிந்தி வந்தது என்று புரிந்து, திரும்பி வந்து அதை நாலைந்து துடிப்புக்குக் குறைத்தேன். விரல் அசைந்த துடிப்பைக் கணக்கிலேயே சேர்க்காமல் தள்ளும்படியும் செய்தேன். அப்படியும் எண் கொஞ்சம் ஆடத்தான் செய்தது.

"மறுபடியும் ஆடுதேப்பா, விக்குமா?" என்றார் முதலாளி. பொன்னேரியில் நடந்ததைச் சொன்னேன்.

"அந்தம்மா இப்ப எப்டிகீறாங்க?"

"காலைல எழுந்து ரெண்டு இட்லி துன்னாங்களாம் சார்."

"அப்ப ஆடட்டும், வுடு."