கரும்பச்சைக் கோட்டு

என்னிடம் இருக்கும் கம்பளிக் கோட்டுக்கு என்னைவிட வயது அதிகம். இந்தக் குளிர்காலத்திலும் அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். கூட வேலை செய்யும் பெண்கள், எங்கே வாங்கினாய் என்று கேட்டுத் துணியைத் தடவிப் பார்க்கிறார்கள். அவர்களுடைய புதுக் கோட்டுகளில் மாசி மாதத்துக்குள் நூல் சிறு உருண்டைகளாகத் திரண்டுவிடுகிறது.

அம்மா அதை ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரத்தில் ஒரு பழைய உடுப்புக் கடையில் எடுத்தார். கரும்பச்சை நிறம். கணுக்கால் வரை நீளம். தூங்கும் பிள்ளையைத் தூக்குகிற பாரம். கண்டவுடன் அப்பா, "என்னப்பா இது, கரடி மாதிரி?" என்றார். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. யாழ்ப்பாணத்தில் வீட்டைப் பறிகொடுத்துவிட்டு வந்த பிறகு முதன்முதலாகத் தனக்குக் குளிரவில்லை என்றார்.

எனக்கு அப்போது எட்டு வயது. பனி கொட்டிய ஒரு காலை, டிராம் தரிப்பிடத்தில் நின்றிருந்தோம். வயதான ஜெர்மன் பெண் ஒருவர் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிட்ட வந்து, மற்றவற்றோடு சேராத ஒரு பழுப்புப் பொத்தானைத் தொட்டு, "என் கோட்டு!" என்றார்.

கடையிலும் மருத்துவரிடமும் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பது என் உத்தியோகம். "அம்மா, இது தன்ர கோட்டாம்" என்றேன்.

அம்மா பொத்தான்களை மளமளவென்று கழற்றினார். கோட்டை மடித்து இரண்டு கைகளாலும் நீட்டினார். அவருடைய மெல்லிய சட்டையில் பனி விழுந்து கரைந்தது.

அந்தப் பெண் பதறிப்போனார். "ஐயோ, இல்லை, இல்லை!" என்று கோட்டை வாங்கி அம்மாவுக்குப் போட்டுவிட்டு, பள்ளிக்குப் புறப்படும் குழந்தைக்குச் செய்வதுபோல ஒவ்வொரு பொத்தானாகத் தானே பூட்டினார். இளம் வயதில், முதல் வேலை கிடைத்தபோது தைப்பித்த கோட்டாம். இப்போது தோள் அதன் பாரத்தைத் தாங்காததால் கொடுத்துவிட்டாராம். "மெஷினில் மட்டும் போட்டுவிடாதீர்கள். நனைந்தால் ஹீட்டர் பக்கத்தில் வைக்க வேண்டாம், காற்றில் தொங்கவிட்டாலே போதும். உங்கள் மகளும் போடுவாள்" என்றார். நான் மொழிபெயர்க்கும் முன்பே அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டி "ஓம், ஓம்" என்றார்.

டிராமில் ஏறியதும் எனக்குக் கோபம் வந்தது. "ஏனம்மா உடன கழட்டினீங்கள்?"

"ஆரும் வந்து தங்கட எண்டு சொன்னா, நிண்டு கதைக்கக் கூடாது. விட்டிட்டு வந்திட வேணும்" என்றார் அம்மா, ஜன்னலைப் பார்த்தபடி.

நான் அதை ஒரு நல்ல பழக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த கிழமை வகுப்பில் ஒருத்தி, என் சிவப்புத் தொப்பி தன்னுடையது என்றாள். உடனே கழற்றிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, அம்மா சொன்னபடியே நடந்துகொண்டதைப் பெருமையாகச் சொன்னேன்.

மெச்சுவார் என்று எதிர்பார்த்தேன். அம்மா அடுப்பை நிறுத்தினார். கோட்டை மாட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்தபடி அந்தப் பிள்ளையின் வீடு வரை நடந்தார். கதவு திறந்ததும் என்னைப் பேச விடவில்லை. தன்னிடமிருந்த கொஞ்ச ஜெர்மனைக் கூட்டிச் சேர்த்து, "தொப்பி என் மகளுடையது. தாருங்கள்" என்றார்.

கேவலம் ஒரு தொப்பிக்காக அம்மாவின் குரல் ஏன் அப்படி நடுங்கியது என்று எனக்கு அன்று விளங்கவில்லை.