நேரில் சொல்லப்போன செய்தி

களுவாஞ்சிக்குடியில் உள்ள ஒரு சிறிய அச்சகத்தில், வீட்டிலிருந்து வேலை செய்வோரைக் கவனிக்கும் பொறுப்பு என்னுடையது. அவர்களுள் ஒரு பெண் வாவிக்கு அக்கரையில், மண்டூரில் வசிப்பவர். கோயில் மலர்களுக்கும் நினைவு மலர்களுக்கும் வரும் கையெழுத்துப் பிரதிகளைக் கணினியில் தட்டச்சுச் செய்து அனுப்புவார். கணினியைக் கொண்டுபோய்க் கொடுத்த நாளில் மட்டுமே அவரை நேரில் கண்டிருந்தேன். மற்றதெல்லாம் தொலைபேசியே. எனினும், அவர் பேசும்போது பின்னால் கூவும் சேவலையும், அதனை வைது விரட்டும் மாமியாரின் குரலையும் நான் நன்கறிவேன்.

சென்ற மாரிகாலத்தின் முடிவில் முதலாளி என்னை அழைத்து, வேலை குறைந்துவிட்டது, அப்பெண்ணை வேலையிலிருந்து நிறுத்திவிட வேண்டும் என்றார்.

"ஃபோன எடுத்து ரெண்டு வார்த்தையில சொல்லிட்டு வையுங்க அண்ணே. கம்ப்யூட்டரப் பொறகு ஆரையும் விட்டு எடுப்பம்."

அப்பெண்ணின் கணவர் கட்டார் நாட்டில் வேலைக்குப் போயிருந்தார். அங்குள்ள கம்பனி பல மாதங்களாகச் சம்பளத்தை இழுத்தடித்து வந்தது. அவ்வீட்டில் அடுப்பு எரிந்தது இந்தத் தட்டச்சு வேலையால்தான். அத்தகைய வீட்டின் சோற்றை நிறுத்தும் செய்தியைத் தொலைபேசியில் சொல்வது மரியாதையன்று என்று கருதினேன். வருவதாக முன்கூட்டி அறிவிக்கவும் இல்லை. அறிவித்தால் காரணம் கேட்பார், காரணத்தைச் சொன்னால் செய்தியையே சொன்னதாகிவிடும். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அணிந்து, நாங்கள் பாதை என்று அழைக்கும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்தேன்.

எங்கள் பகுதியில் சாவுச் செய்தியை வீட்டாருக்குத் தொலைபேசியில் சொல்வதில்லை. வெளிநாட்டில் ஒருவர் இறந்துபோனால், வயதில் மூத்த ஒருவர் வெள்ளை உடுத்து நேரில் வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, அமர்ந்த பின்பே வாய் திறப்பார். இது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. வெயிலில் நடந்து வந்த களைப்பு வேறு. வாசலில் மாமியாரோடு நின்ற அப்பெண்ணைக் கண்டதும் சொன்னேன்:

"மகள், குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க. ஒரு விசயம் சொல்ல வந்தநான்."

மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "ஐயோ! என்ட மகனே!"

அயல்வீட்டார் ஓடிவந்தனர். அப்பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "அவருக்கு என்ன ஐயா? எப்ப நடந்த?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கச் சற்று நேரம் சென்றது. வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்த சொற்கள் ஒன்றும் உதவவில்லை. ஒப்பாரிக்கு மேலாகக் கத்தவேண்டியதாயிற்று.

"அவருக்கு ஒண்டுமில்ல! அச்சக விசயம். உங்கட வேலய நிப்பாட்டச் சொல்லிட்டார் முதலாளி!"

ஒப்பாரி நின்றது. பிறகு சிரிப்பு.

"இதுக்கா இப்பிடி வெள்ளையும் சொள்ளையுமா வந்து நிண்ட நீங்க? என்ட உசிரு போயித் திரும்பி வந்திரிக்கு!" என்றார் மாமியார். "வேல போனாப் போகட்டும், என்ட புள்ள இரிக்கான்!"

"அடுத்த முற கலர்ச் சாரன் உடுத்துக்கு வாங்க ஐயா," என்றாள் அயல்வீட்டுக்காரி ஒருத்தி.

எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அப்பெண்தான். எல்லாருக்கும் தேநீர் வந்தது.

நான் கேளாமலே, கணினியை எடுத்து வருவதற்கு அவர் உள்ளே போனார். வெளியே வர நெடுநேரமாயிற்று. துவாய்த் துண்டில் சுற்றி, குழந்தையை ஏந்துவதுபோல் கொண்டுவந்தார்.

"இன்னும் கொஞ்சப் பக்கம் இதுக்குள்ள கிடக்கு ஐயா. அத முடிச்சுத் தரட்டா?"

"வேணாமெண்டுட்டார் முதலாளி, மகள்."

வேலிப் படலை வரை கூட வந்தார். அங்கேதான், மற்றவர்களுக்குக் கேளாத குரலில் சொன்னார்:

"ஃபோனில சொல்லியிருக்கலாம் ஐயா. தனிய இருந்து அழுதிருப்பன். இப்ப எல்லாருக்கும் முன்னால சிரிச்சிட்டன். இனி அழுதா, புருசன் உசிரோட இரிக்கக்குள்ள என்ன அழுகை எண்டு மாமி கேப்பா."

"முதலாளியோட ஒருக்காக் கதைச்சுப் பாக்கன்," என்றேன். அது நடவாது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

உள்ளேயிருந்து மாமியார், கோப்பைகளை எடுக்க வரும்படி கூப்பிட்டார்.

"வாறன் மாமி!" என்று உரத்த, உற்சாகமான குரலில் பதில் கொடுத்துவிட்டு, அவர் படலையைச் சாத்தினார்.