ராஜாவுக்குக் குடை பிடித்த குடும்பம்

எங்கள் அப்பாவுக்குப் பொய் ஆகவே ஆகாது. கல்யாணத்துக்குப் போய் நான் பள்ளிக்கு மட்டம் போட்டால், காய்ச்சல் என்று லீவு லெட்டர் எழுதித் தர மாட்டார். 'கல்யாணத்தில் பாயசம் சாப்பிடப் போயிருந்தாள்' என்கிற மாதிரிதான் எழுதுவார். அப்பேர்ப்பட்டவர் ஒருநாள், வகுப்பு நிறையப் பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்க, கொஞ்சமும் கூசாமல் ஒரு பொய் சொன்னார். அதற்குக் காரணம் நான். எனக்குக் காரணம் என் மாமா.

கொச்சி மட்டாஞ்சேரியில் நான் நாலாம் வகுப்புப் படித்தபோது நடந்தது இது. என் பக்கத்தில் இருந்த குஜராத்திப் பெண்ணின் பெயர் காப்படியா என்று முடியும். அவள் முன்னோர்கள் துணி வியாபாரிகளாம். பின்பெஞ்சு கொங்கணிப் பையன் பண்டாரி. கோயில் களஞ்சியத்தைக் காத்தவர்களாம். இன்னொருத்தன் தரகன், பெயரிலேயே தொழில் இருக்கிறது. டீச்சருக்கு இதெல்லாம் பிடித்துப்போய், பெற்றோர் கூட்டத்தன்று சுவரில் ஒட்ட ஒரு சார்ட் போடலாம் என்றார். பெயர், அதன் அர்த்தம், முன்னோர் செய்த தொழில். மூன்று கட்டங்களையும் எல்லோரும் நிரப்ப வேண்டும்.

என்னிடம் இருந்தது ஓர் இனிஷியல். ஒற்றை எழுத்து, பக்கத்தில் ஒரு புள்ளி. அதை வைத்து ஒரு கட்டத்தைக்கூட நிரப்ப முடியாது. வகுப்பிலேயே எனக்கு மட்டும் கட்டம் காலியாக இருக்கப்போகிறது என்று நினைத்தபோது சோறு இறங்கவில்லை.

"அப்பா, நம்ம தாத்தாவெல்லாம் என்ன வேலை செஞ்சாங்க?" என்று கேட்டேன். அப்பா சுக்குக் கிடங்கில் மேஸ்திரி. எப்போது கேட்டாலும் பதில் சொல்கிறவர், அன்று துண்டை எடுத்து உதறிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அம்மா என்னை மாமாவிடம் தள்ளிவிட்டாள்.

மாமா, அம்மாவின் தம்பி. படகு ஜெட்டிக்குப் பக்கத்து ஹோட்டலில் பரோட்டா போடுகிறவர். கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்காது.

"எழுதிக்கோ. திருப்பூணித்துறை ராஜா வெளிய இறங்கினா குடை பிடிக்க ஆள் வேணும், இல்லே? அது நம்ம ஆளுங்கதான். நல்ல உசரமா இருக்கணும்னு தமிழ்நாட்டிலேர்ந்து வரவழைச்சதாக்கும்."

"இப்ப ஏன் பிடிக்கல?"

"ராஜா போயாச்சு. பின்ன யாருக்குப் பிடிக்க?"

எங்கள் வீட்டில் ஐந்தரை அடியைத் தாண்டியவர் ஒருவரும் கிடையாது. அது எனக்கு உறைக்கவே இல்லை. குடைக்காரர் என்று கொட்டை எழுத்தில் எழுதி, பக்கத்தில் பட்டுக் குடை ஒன்றும் வரைந்தேன். ஒரே நாளில் தரகனும் காப்படியாவும் எனக்குச் சாதாரண ஆட்களாகிவிட்டார்கள்.

கூட்டத்துக்கு அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் அவரைக் கண்டதுமே டீச்சர், "வரணும், குடைக்காரர் வரணும்" என்றார். அப்பா பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. டீச்சர் சார்ட்டைக் காட்டி, "ராஜாவுக்கே குடை பிடிச்ச குடும்பமில்லே, சேட்டா? எப்ப வரைக்கும் பிடிச்சாங்க?" என்று கேட்டார்.

பெற்றோர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அப்பா சார்ட்டைப் படித்தார், குடையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்தால் உண்மைதான் வரும் என்பது எனக்குத் தெரியும். நாளையிலிருந்து வகுப்பில் நான் பொய்க்காரி.

"எங்கப்பா வரைக்கும் பிடிச்சாங்க டீச்சர்" என்றார் அப்பா. "நான்தான் விட்டுட்டு வந்துட்டேன்."

டீச்சர் உட்காரச் சொல்லி வருகைப் பதிவேட்டை நீட்டினார். வழக்கமாக இனிஷியலோடு முடித்துவிடும் அப்பா, அன்று நிறுத்தி நிதானமாகத் தன் அப்பாவின் முழுப் பெயரையும் எழுதி, அதன் பின்னால் தன் பெயரை எழுதினார். அது கட்டத்தைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்துக்குள் போய்விட்டது. எனக்கு ஒரே எரிச்சல்.

வரும் வழியில் சாயாக்கடையில் பழம்பொரி வாங்கித் தந்தார். "யார் சொல்லித் தந்தது?" என்றார். மாமா என்றேன். "கொள்ளாம், நல்லாத்தான் சொல்லியிருக்கான்" என்று சிரித்தார். மாமாவுக்கு அன்று திட்டு நிச்சயம் என்று காத்திருந்தேன். அப்பாவோ ராத்திரி சாப்பிடும்போது தன் தட்டிலிருந்த பெரிய மீன் துண்டை எடுத்து மாமா தட்டில் வைத்தார். அன்று வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம்.

என் கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயர் போடுகிற பேச்சு வந்தபோதுதான் மாமா மீதியைச் சொன்னார். அப்பாவைப் பெற்ற தாத்தா ஊரில் முடி வெட்டியவர். அவருக்கும் அழகான பெயர் ஒன்று இருந்தது. ஆனால் ஊரில் ஒருவரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அரை டிராயர் போட்ட பொடியன்கூடத் தொழிலைச் சொல்லி, 'டேய்' சேர்த்துத்தான் கூப்பிடுவானாம். தன்னையும் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தபோது, பதினைந்து வயதில் அப்பா கொச்சிக்கு ரயிலேறிவிட்டார்.

தொழிலைப் பெயராக ஒட்டிக்கொள்ள நான் ஆசைப்பட்ட அதே வகுப்பில், அப்பா தாத்தாவின் பெயரை ஓர் எழுத்து விடாமல் எழுதிவைத்தார். நானோ, இரண்டு கட்டம் எடுத்துக்கொண்டாரே என்று வீடு வரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.